பெட்டிக் கழிவு

வெயிலில் காய்ந்த தார்ப்பாய்க்கு ஒரு வாடை உண்டு. பாதி தார், பாதி பழைய மழை. போன வாரம் தேனி புறவழிச்சாலையில் ஒரு லாரிக்காரர் சரக்கின் மேல் தார்ப்பாயை உதறி விரித்தார். எதிர்ப்பக்கம் நின்று நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். காற்று அந்த வாடையைச் சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து என் முகத்தில் போட்டது. போட்ட கணத்தில் என் முழங்கால்கள் லேசாக மடங்கின, இடது தோள் முன்னால் சரிந்தது, கைகள் இரண்டும் விரிந்து நின்றன. யாரோ ஒருவன் என் காலைப் பிடிக்க வருகிறான் என்று இந்த நாற்பத்தெட்டு வயது உடம்பு நம்பிவிட்டது. "என்ன சார், சுளுக்கா?" என்றார் இளநீர்க்காரர். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

எட்டாம் வகுப்பு. அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோல். ஒரு முழ உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, மேலே கோணிச்சாக்குகளை அடுக்கி, அதற்கும் மேலே தார்ப்பாயை இழுத்து நாலு மூலையிலும் முளை அடித்தால் அதுதான் எங்கள் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட மல்யுத்த மேடை. பத்து மணிக்கு மேல் அது தோசைக்கல். முதுகு பட்டவன் சூடு தாங்காமல் துள்ளி எழுவான். என்ன வீரம், என்ன வீரம் என்று சுற்றி நின்றவர்கள் கை தட்டுவார்கள்.

மேடை என்று சொன்னேனே, அந்த வருஷத்துக்கு முன்பெல்லாம் அதில் போட்டி போட்டியாக நடந்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவதுபோல நடக்கும். யார் யாரோடு மோதுவது என்பதை அன்று காலையில் கண்ணால் அளந்து முடிவு செய்வார்கள். போட்டி நடத்தும் பள்ளியின் ஆசிரியரே நடுவர். அவர் பள்ளிப் பையன் கீழே கிடந்தால் அவருடைய விசிலுக்குள் எச்சில் போய் அடைத்துக்கொள்ளும். அவன் எழுந்து மேலே வந்தபிறகுதான் ஊதும். இரண்டு பக்கத்து ஆட்களும் மேடைக்குள் புகுந்து கத்துவார்கள், கூடுதலாகக் கத்திய பக்கம் ஜெயிக்கும். காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்த பையனை மாலை நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள். அவன் பசி மயக்கத்தில் தோற்றுவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவான்.

இதையெல்லாம் மாற்றக் கிளம்பியவள் என் சித்தி.

அம்மாவின் தங்கை. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்ததும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியவள். விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓடுவாள். முதல் மாதம் கோம்பை நாய்கள் அவளைத் துரத்தின. இரண்டாம் மாதம் கூடவே ஓடின. ஊர்க்காரர்கள் மட்டும் ஒரு வருஷம் முழுக்க நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு நிறுத்துக்கடிகாரம் தொங்கும். அந்தக் கடிகாரத்தால்தான் நான் அவளுக்குச் சொந்தமானேன். நான் ஒரு தோசை தின்ன எவ்வளவு நேரம்? ஐம்பத்து மூன்று நொடி. முல்லையாற்றுப் பாலத்தைப் பேருந்து கடக்க எவ்வளவு நேரம்? பதினொன்று. அப்பா ஒரு தும்மலைத் தொடங்கி முடிக்க? அதற்குக் கடிகாரமே பத்தாது என்பாள். என் மூச்சை எவ்வளவு நேரம் அடக்கமுடியும் என்று பார்ப்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பேன். அவள் கண்கள் கடிகாரத்தில் இருக்கும். அவ்வளவு உற்றுப் பார்க்கப்படுகிறவனாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

பிறகு அவள் பட்டணத்துக்குப் போய்ப் பத்து நாள் மல்யுத்த நடுவர் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். பயிற்சிக்கு வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். தேர்ச்சியும் பெற்றுவிட்டாள். திரும்பி வந்ததிலிருந்து கடிகாரம் எனக்காக ஓடுவது நின்றுபோனது. பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து எழுதிக்கொண்டே இருந்தாள். காலையில் எல்லோருக்கும் எடை பார்க்கவேண்டும். எடை வாரியாகப் பெயர்களைச் சுவரில் ஒட்டவேண்டும். சீட்டுக் குலுக்கி ஜோடி போடவேண்டும். மேடைக்கு மூன்று நடுவர், ஒருவர் உள்ளே, இருவர் ஓரத்தில். கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது. ஒரு பிரிவு முடிந்ததுமே அதற்கான பதக்கத்தைக் கொடுத்துவிடவேண்டும், தூரத்துப் பையன்கள் பேருந்தைப் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் பள்ளி, தன் ஊர், தன் சொந்தம், இந்த மூன்றில் ஒன்று மேடை ஏறினாலும் அந்த நடுவர் விலகி நிற்கவேண்டும். தொடக்கூடாது, அந்தப் போட்டியின் தாளைக்கூடப் பார்க்கக்கூடாது.

"சட்டமே எழுதுறாகளே நம்ம வாத்தியாரம்மா," என்பார் அப்பா. "அப்படியே தோட்டத்துக்கு மோட்டார் எப்பப் போடணும்னு ஒரு சட்டம் எழுதச் சொல்லுங்க. கரண்டுக்காரன் கேக்குறானா பாப்போம்."

"நீங்க முதல்ல நேரத்துக்குச் சாப்பிட வாங்க மச்சான், அதுக்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கு," என்று தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள் சித்தி.

போட்டிச் செயலராக இருந்தவர் ஒரு மூத்த உடற்பயிற்சி ஆசிரியர். தாள்களை வாங்கிப் புரட்டினார். பொம்பளை விசிலுக்கு ஆம்பளைப் பயல்கள் நிற்பானுகளா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டதற்கு அவரே சிரித்தாராம். ஆனால் மறுக்கவில்லை. "இந்த ஒரு வருசம் பாப்போம் டீச்சர். சரியா வந்துச்சுன்னா இனிமே இந்த முறைதான், தலைமை நடுவரும் நீங்கதான். சரியா வரலைன்னா..." என்று நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தாராம். சித்தி வீட்டுக்கு வந்து அந்த நிறுத்தலையும் நடித்துக் காட்டினாள்.

எனக்கு மல்யுத்தத்தின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஜெயித்தவர்களை மதுரைக்கு அழைத்துப் போவார்கள், தலைமை நடுவர்தான் கூடப் போவார் என்பது காதில் விழுந்த நாளிலிருந்துதான் பயிற்சிக்கு ஒழுங்காகப் போனேன். மூன்று மணி நேரப் பேருந்து, ஜன்னலோரம், பக்கத்தில் சித்தி. வழியில் வரும் பாலங்களை எல்லாம் எண்ணி வைத்திருந்தேன்.

இடையில் ஒரு சங்கடம் இருந்தது. முப்பத்திரண்டு கிலோவுக்குள் இருந்தால் எல்லாம் ஒட்டடைக்குச்சிப் பையன்கள், ஜெயித்துவிடலாம். அதைத் தாண்டினால் முப்பத்தைந்து. அங்கே கோம்பையிலிருந்து ஒருவன் வருவான். அவனுக்கு அப்போதே மீசை முளைத்திருந்தது. ஒரு வாரம் இரவுச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். எச்சில் துப்பினால் எடை குறையும் என்று ஒருவன் சொன்னதால் போகிற வழியெல்லாம் துப்பினேன். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்பம் பேருந்து நிலையத்து எடை மிஷினில் காசு போட்டேன். விளக்குகள் மின்னி, சக்கரம் சுற்றி, ஒரு அட்டை விழுந்தது. ஒரு பக்கம் "உங்கள் நேர்மை உங்களை உயர்த்தும்." மறுபக்கம் முப்பத்து நான்கு.

மறுநாள் காலை ஆறரை மணி. போட்டி நடந்த ஊரின் பெயர் வேண்டாம், சொன்னால் இப்போதும் யாராவது சண்டைக்கு வருவார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே திராட்சைக் கமிஷன் கடை. அங்கிருந்த எடை மிஷினை நாலு பேர் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். கீழே ஏறி நிற்கப் பலகை, அதன் தலைமாட்டில் நிமிர்ந்த தூண், தூணின் மேல் எண்கள் வெட்டிய கம்பி, கம்பியில் நகரும் குண்டு. அதோடு கடையின் எடைக்காரரும் வந்திருந்தார். மிஷினைக் கொடுத்தால் ஆளையும் கொடுப்பதுதான் அந்தக் கடையின் வழக்கம். அவர் தூணுக்குப் பின்னால் நிற்பார், கம்பி அவர் பக்கமாக இருக்கும். குண்டை ஒரு விரலால் தள்ளி, கம்பி ஆடி நின்றதும் ஏலக்குரலில் நீட்டுவார். "இருவத்தி ஒம்பதேய்ய்!" மேசையில் உட்கார்ந்த ஆசிரியர் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு பையனையும் இறக்கிவிடும்போது முதுகில் ஒரு தட்டு. "நல்ல தெரட்சி. அடுத்த பழம் வா."

நான் ஏறினேன். மூச்சை உள்ளே இழுத்து நின்றேன். சித்தி வெகுதூரத்தில், மேடைக்குக் கயிறு கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் எழுதிய விதி.

"முப்பத்தி ரெண்டேய்ய்!"

துப்பிய எச்சில் எல்லாம் கணக்கில் வந்துவிட்டதா? சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் சொல்லவில்லை.

எட்டரை மணிக்குச் சந்தை கூடும் நேரம் என்று எடைக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பள்ளியின் வாட்ச்மேன் அவர் இடத்தில் நின்றார். காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் பண்ணைப்புரம் பக்கத்திலிருந்தும் நகரப் பேருந்துகளில் தாமதமாக வந்த பையன்களுக்கு எல்லாம் அவர்தான் எடை பார்த்தார்.

அன்று காலை எவ்வளவு அழகாக இருந்தது என்பதைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன். சுவரில் பெயர்கள் இருந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் வரவில்லை. மணி அடித்தது, பெயர் கூப்பிட்டார்கள், பையன்கள் வந்தார்கள். தார்ப்பாய் சுடும்போதெல்லாம் இரண்டு பேர் தண்ணீர் தெளித்தார்கள். சிவப்பு நாடா, நீல நாடா. சித்தி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டு, கன்னம் தார்ப்பாயில் பட, ஒரு பையனின் தோளுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள். சிரிக்க வந்தவர்கள் அந்த வெளிச்சத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

என் போட்டிகளின்போது மட்டும் அவள் எழுந்து புளியமரத்தடிக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். நான் மூன்று பேரை ஜெயித்தேன். கடைசியில் வந்தவன் பண்ணைப்புரம் பக்கத்துப் பையன், விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் போட்டேன். அவன் காற்றைப் போல வந்தான். பதக்கத்தைச் செயலர் என் கழுத்தில் மாட்டினார். புளியமரத்தடியைப் பார்த்தேன். விதி அங்கேயே நின்றுகொண்டிருந்தது, ஆனால் அதன் ஒரு கை தலைமுடியைச் சரிசெய்வதுபோலப் பின்பக்கம் வந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டியது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். தோற்ற பையனின் தாய். திராட்சைத் தோட்டங்களில் பழம் வெட்டிப் பெட்டி சுமக்கிறவர். மகனுக்குச் சோறு கொண்டுவந்த தூக்குவாளியோடு கயிற்றைக் குனிந்து தாண்டி நேராக மேடைக்கு வந்துவிட்டார்.

"ஏ டீச்சரு, இங்கன வாங்க. இந்தப் பயலும் எம்மகனும் ஒரே எடைன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"தோத்தா வீட்டுக்கு வீடு இப்படித்தான் சொல்லுவாக ஆத்தா, போயிச் சோத்தைக் குடு," என்றார் ஒருவர்.

"நீ செத்த பேசாம இரு," என்று வாளியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அந்த அம்மா என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். இடுப்பில் ஒருமுறை வைத்து இறக்கினார். பிறகு தன் மகனைத் தூக்கி, அதேபோல வைத்து இறக்கினார். "இது ரெண்டு கிலோ கூட. ஒரு நாளைக்கு நூறு பொட்டி சொமக்குறேன். ஒரு கொலை பழம் கூட வச்சாலே என் இடுப்பு சொல்லிரும். மிஷினு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. எடை பற்றிய புகாரை முதல் மணிக்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்று அவள் எழுதிய விதியும் இருந்தது, அதைக் காட்டி அனுப்பியிருக்கலாம். சந்தைக்கு ஆள் அனுப்பி எடைக்காரரைக் கூட்டி வரச் சொன்னாள். அவர் வேகாத வெயிலில் எரிச்சலோடு வந்தார். நான் மறுபடி பலகையில் ஏறினேன். பதக்கத்தைக் கழற்றச் சொன்னார்கள், கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், அதையும் வாங்கிக்கொண்டார்கள். குண்டு நகர்ந்தது. கம்பி ஆடி நின்றது.

"முப்பத்தி ரெண்டேய்ய்!"

கைதட்டல். அந்த அம்மா தன் இடுப்பைத் தானே சந்தேகமாகப் பார்த்தார். சித்தி தான் நெருங்கக்கூடாது என்று வாட்ச்மேனை அனுப்பினாள். அவர் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முப்பத்தி நாலுல நிக்கி டீச்சர்."

"ஆமா, முப்பத்தி நாலுதான்," என்றார் எடைக்காரர் நிதானமாக.

"பொறவு ஏண்ணே முப்பத்தி ரெண்டுன்னு சொன்னீக?" என்றாள் சித்தி.

"பொட்டிக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்ல தாயி? கழிக்காமச் சொன்னா எந்த ஏவாரி ஒத்துக்குவான்?"

 சொன்னவரே தான் சொன்னதைக் கேட்டார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் நின்ற பலகையைச் சுற்றிலும் பார்த்தார். எங்காவது ஒரு மரப்பெட்டி இருக்கவேண்டுமே என்று தேடுவதுபோலத் தேடினார். பிறகு சிரிப்பு வெடித்தது. பெட்டியைக் கழித்துப் பயலை எடை போட்டிருக்கிறான் என்று ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் மிஷின் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருவத்தஞ்சு வருசமா இதே வாயி தாயி. அதுவாக் கழிச்சுருச்சு," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

எட்டரைக்கு முன் ஏறிய அத்தனை பையன்களுக்கும் இரண்டு கிலோ கழிந்திருந்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கழியவில்லை. சுவரில் ஒட்டிய அழகான தாள்களில் பாதி பொய்.

செயலர் சித்தியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். நான் தொட்டிக்கு மறுபுறம் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். "டீச்சர், இந்த ஒரு பயலோட விட்ருங்க. அந்தம்மா மகனுக்கும் ஒரு பதக்கம் குடுத்துருவோம். மத்ததெல்லாம் யாருக்குத் தெரியும்? இத்தனை வருசம் எடையே போடல, யாரு செத்துப்போனா? இப்ப நீங்க மைக்கில சொன்னீகன்னா ஊரே சிரிக்கும். அடுத்த வருசம் உங்களக் கூப்பிட என்னால முடியாது, ஆமா." அவர் கெட்டவர் இல்லை. குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. சித்தி தொட்டியில் கையை நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்ருங்க, விட்ருங்க என்று அவரோடு சேர்ந்து நானும் மனசுக்குள் சொன்னேன். இரண்டு பதக்கம் என்றால் மதுரைக்கு இரண்டு பேர். ஜன்னலோரம் ஒன்றுதான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவள் மைக்கைப் பிடித்தாள். எடைக்காரரைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொல்லவில்லை. எடையை இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்று எழுத நான் தவறிவிட்டேன், தவறு என்னுடையது, எல்லோரும் மறுபடி எடைக்கு வாருங்கள் என்று மூன்றே வாக்கியம். முன்வரிசை நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. தலைமை தாங்க வந்தவர் வண்டி ஏறினார். மேடையைச் சுற்றி அவள் கட்டிய கயிற்றை யாரோ தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். என்னுடைய பதக்கத்தை அவளே வந்து கேட்பாள் என்று கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் வரவில்லை. செயலர்தான் வந்து வாங்கிப் போனார். சொந்தம், தொடக்கூடாது. அவள் புளியமரத்தடியில் நின்றாள், இந்தமுறை இரண்டு கைகளும் முன்னால் இருந்தன.

கோம்பைப் பையனோடு நான் மோதினேன் என்று சொல்வது மரியாதைக்காக. விசில் கேட்டது, வானம் தெரிந்தது. அவ்வளவுதான். தார்ப்பாய் முதுகைச் சுட்டது. துள்ளி எழுந்தேன். யாரும் கை தட்டவில்லை.

எல்லாம் முடிய வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பையன்கள் பசியோடு போனார்கள், பேருந்தைத் தவறவிட்டார்கள், ஆசிரியர்கள் சித்தியிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பண்ணைப்புரத்து அம்மா மட்டும் போகிற போக்கில் சித்தியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா தட்டை நங்கென்று வைத்தாள். "ஊரான் பிள்ளைக்குக் குடுக்க அக்கா மகன்கிட்டப் புடுங்கியிருக்க. நீயெல்லாம் ஒரு சித்தியா?" அப்பா வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொல்லத் தொடங்கி, சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர் கேட்டார். நான் அவளோடு பேசவில்லை. பன்னிரண்டு நாள். எதிரில் உட்கார்ந்து தோசை தின்றேன், வேண்டுமென்றே மெதுவாக. அவள் ஒருமுறை கடிகாரத்தைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் பழைய முறைப்படியே போட்டி நடந்தது. அதற்கடுத்த சில வருஷங்களும் அப்படித்தான். பிறகு புதிய ஆட்கள் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என் நண்பரின் மகள் மல்யுத்தத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். எண் எரியும் மிஷின், ரப்பர் மெத்தை. நுழைவாயிலில் ஒட்டியிருந்த விதிகளில் நாலாவது: எடையை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றொருவர் எண்ணை நேரில் பார்த்து எழுதவேண்டும். இது யார் எழுதியது என்று அங்கிருந்த இளம் நடுவரிடம் கேட்டேன். "அது எப்பவும் இருக்குறதுதான சார்," என்றான்.

அந்த வருஷம் ஜெயித்த பையன்களை மதுரைக்கு அழைத்துப் போகிற பொறுப்பை மட்டும் சித்தியிடமிருந்து அவர்கள் பறிக்கவில்லை. வேறு யாருக்கும் அந்த வாரம் ஒழியவில்லை. அவளுடைய பைகளைத் தூக்கிப் போகச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். இரண்டு பெரிய பைகள். மூன்று நாளுக்கு எதற்கு இவ்வளவு என்று நினைத்தேன், கோபத்தில் இருந்ததால் கேட்கவில்லை. அவள் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு மாறுதல் கேட்டு வாங்கியிருந்தாள் என்பதும், மதுரையிலிருந்து அப்படியே போய்விடப் போகிறாள் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சொன்னால் நான் அழுவேன் என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தாள். கல்யாணத்துக்கு வந்தாள், காரியத்துக்கு வந்தாள், பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள், வாசலில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தாள். விருந்தாளிகள்தான் அப்படி விடுவார்கள். எங்களோடு இருந்தவள் திரும்பி வரவே இல்லை.

கம்பம் பேருந்து நிலையம். மதுரை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் பண்ணைப்புரத்துப் பையன் உட்கார்ந்திருந்தான். புது பனியன். என்னைப் பார்த்து எல்லாப் பற்களையும் காட்டிக் கையசைத்தான். அவனுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. பைகளை ஏற்றிவிட்டு நான் கீழே நின்றேன். சித்தி படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நடத்துனர் ஒரு விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை, முன்னால் ஒரு ஜீப் நின்றது. அந்த ஜீப் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால்.

"ஏலே, ஒண்ணு கேக்கவா?" என்றாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்குக் காலைல அந்த அண்ணன் முப்பத்தி ரெண்டுன்னு சொன்னப்ப, அது தப்புன்னு உனக்குத் தெரியும்தான?"

என் காது சுட்டது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். எடைக்காரரிடம் கேட்டதைப்போல, எல்லோர் முன்னாலும் கேட்டதைப்போல, இப்போது என்னிடமும் விசாரணை என்று நினைத்தேன். அவள் முகத்தில் நடுவர் இல்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் படிக்கத் தெரியவில்லை. அத்தனை பெரிய மைதானத்தில் தவறு என்னுடையது என்று வாய்திறந்த ஒரே ஆள் அவள்தான். பக்கத்தில் நிற்க இன்னும் ஒரு ஆள், பதின்மூன்று வயது ஆளாக இருந்தாலும் போதும் என்றுதான் படியிலிருந்து குனிந்தாள் என்பது எனக்கு விளங்க இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. ஜீப் விலகியது. இரண்டாவது விசில்.

"தெரியாது," என்றேன்.

சித்தி என்னை ஒரு நொடி பார்த்தாள். வண்டி நகரத் தொடங்கியிருந்தது.

"சரிலே," என்றாள். "இனிமேயாச்சும் ராத்திரிக்கு வயிறாரச் சாப்பிடு."